ஒற்றை வாசல் அடைபட்டால்...



நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போயிருக்கும் கத்தார் நாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த மண்ணுக்கு அடியில் எரிவாயுவை அள்ளிக் கொடுத்திருக்கிறான் அல்லாஹ். ஆனால் அங்கே ஆறு இல்லை, மழையும் பெயருக்குத்தான். அதனால் உணவில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆப்பிளும் ஆரஞ்சும் கப்பலிலோ லாரியிலோ விமானத்திலோ வந்தால்தான் உண்டு. காசு இருக்கும்போது என்ன கவலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2017 ஜூன் 5. புனித ரமளான் மாதம். சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாருடன் உறவைத் துண்டித்தன. கத்தாருக்கு இருந்த ஒரே தரைவழி எல்லையை சவூதி மூடியது. சுமார் 40 சதவீத உணவு அந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் வந்து கொண்டிருந்தது! துபாய் ஜபல் அலி துறைமுகத்தில் இறக்கி ஏற்றப்பட்ட சரக்கும் நின்றது. அன்றே தோஹாவின் கடைகளில் மக்கள் குவிந்தார்கள், அடுக்குகள் காலியாயின. கையில் காசிருந்தும் கலங்கி நின்றார்கள்.

பிறகு என்ன நடந்தது? துருக்கியும் ஈரானும் விமானத்தில் உணவு அனுப்பின. நம் நாட்டின் முந்த்ரா, நவசேவா துறைமுகங்களிலிருந்து நேரடிக் கப்பல் ஓடியது. கறவை மாடுகளையே விமானத்தில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்! இரண்டே ஆண்டுகளில் பால் ஏற்றுமதி செய்யும் அளவுக்கு கத்தார் வளர்ந்தது. 2021 ஜனவரியில் எல்லையும் திறந்தது. ஆனால் பழத்திற்கு இன்றும் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும். பாலைவனத்தில் பண்ணை வைக்கலாம். ஆப்பிள் தோட்டம் போட முடியுமா?

சகோதரர்களே! முஸ்லிமின் உணவு வழியை முஸ்லிமே அடைத்தான் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. நபி (ஸல்) அவர்களின் வழி என்ன? யமாமாவின் தலைவர் ஸுமாமா பின் உஸால் (ரலி) இஸ்லாத்தை ஏற்றதும் மக்காவுக்குப் போகும் தானியத்தை நிறுத்தினார். அன்றைய மக்கா யார் கையில் இருந்தது? நபியவர்களை ஊரை விட்டு விரட்டியவர்கள் கையில்! மூன்றாண்டுகள் அவர்களைக் குடும்பத்தோடு பட்டினி போட்டவர்கள் கையில்! அந்த மக்காவாசிகள் முறையிட்டபோது, தானியத்தை விட்டுவிடும்படி நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். எதிரியின் வயிற்றில்கூட அடிக்காத மார்க்கம் இது.

வணிகர்களே! இது கத்தாரின் கதை மட்டுமா? நம் நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்தபோது நம் கடைத்தெரு பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா? ஒரே இடத்தை நம்பிக் கொள்முதல் செய்யாதீர்கள். தட்டுப்பாடு வரும்போது பதுக்காதீர்கள், அது ஹராம்.

இளைஞர்களே! விவசாயத்தை இழிவாக நினைக்காதீர்கள். வளைகுடாவில் சம்பாதித்த பணத்தை மனைக்கட்டில் மட்டும் முடக்காமல் ஒரு பகுதியையாவது விளைநிலத்தில் போடுங்கள். யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளில் சேமித்து, பஞ்சமான ஏழாண்டுகளில் எகிப்தைக் காப்பாற்றினார்கள். வாசல் திறந்திருக்கும்போதே மாற்று வழியைத் தேட வேண்டும்.

எவர் வயிற்றிலும் அடிக்காத, எவர் வாசலிலும் கையேந்தாத சமுதாயமாக வல்ல இறைவன் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.