ஆறு புள்ளிகளும் ஒரு வளைகோடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க சாதனை ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். சாதனை என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அசட்டுத்தனம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவரும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்.

நான் 2010-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். என் மதிப்பெண் பட்டியலில் நியூமரிகல் மெத்தட்ஸ் பாடத்துக்கு எதிரே 82 என்று இருக்கிறது. 16 மார்க் கேள்விக்கு காஸ் எலிமினேஷனை வரிசை பிசகாமல் எழுதுவேன். எதற்காக எழுதுகிறோம் என்று மட்டும் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாது. 'சி' லேப் ரெகார்டு எப்படி நிறைந்தது என்பதை இங்கே விவரிக்க வேண்டாம். எனக்குக் கொடுத்து உதவிய நண்பர் நாலாவது வரிசையில்தான் இருக்கிறார்.

பிறகு கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலை. டிசைன் பிரிவு. 2017-ல் ஒரு வெளியூர்க் கம்பெனி பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, பம்பின் வளைகோட்டைக் கேட்டது. மற்றத் துறை மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, அப்போது எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்று ஒவ்வொரு நிலையிலும் குறித்துக்கொள்வார்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் வளைகோடு. எங்களிடம் 200 லிட்டரிலிருந்து 600 லிட்டர் வரை ஆறு புள்ளிகள் இருந்தன.

எக்செல்லில் போட்டேன். இரண்டாம் படிக் கோடு, புள்ளிகளைத் தொட்டும் தொடாமலும் போயிற்று. படியை ஏற்றிக்கொண்டே போனேன். ஐந்தாம் படியில் ஆறு புள்ளிகள் வழியாகவும் கோடு அப்படியே போயிற்று. பக்கத்தில் 'ஆர் ஸ்கொயர்' சரியாக 1 என்று காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வால்வை முழுக்க மூடினால் எவ்வளவு அழுத்தம் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அதற்குக் கோட்டை அப்படியே இடப்பக்கம் நீட்டிவிட்டு அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மூடிய நிலையை நெருங்க நெருங்க வளைகோடு கீழே சரிகிறதாம். அப்படிச் சரியும் பம்புகள் இரண்டை இணையாக ஓட்டினால் ஒன்று மற்றொன்றைத் தண்ணீர் தள்ளவிடாது, ஆகவே வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். பதறிப்போய் பம்பை மறுபடி மேடையில் ஏற்றி வால்வை மூடிப் பார்த்தோம். அழுத்தம் சரியவில்லை, ஏறித்தான் இருந்தது. பம்பில் ஒரு குறையும் இல்லை. கோணலாக இருந்தது என் கோடுதான். அதை விளக்கிக் கடிதம் போடுவதற்குள் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் சோதனை மேடையில் வேலை பார்த்த ஒரு தம்பி, டிப்ளமோ படித்தவர், என் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். புள்ளியும் ஆறு, அஞ்சாம் படிச் சமன்பாட்டுல கோஎஃபிஷியன்ட்டும் ஆறு. எந்த ஆறு புள்ளியக் குடுத்தாலும் ஒன்னுன்னுதானே வரும்?"

ஆறு தெரியாத எண்கள், ஆறு சமன்பாடுகள். நான் 82 மார்க் வாங்கிய அதே பாடம். பொருந்தாமல் போகவே வழியில்லாத ஒன்றைப் பொருந்திவிட்டது என்று கொண்டாடியிருக்கிறேன்.

"எங்க தம்பி படிச்சீங்க இதெல்லாம்?" என்று கேட்டேன். உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கணிதப் புத்தகம், செல்போனில் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் என்றார். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் அது. வீடியோ பார்க்கக் காசு கிடையாது. நாம் படித்தபோதே இருந்தது, நண்பர்களே. நான்தான் பார்க்கவில்லை.

சரி, நானும் படிக்கிறேன் என்று கிளம்பினேன். எனக்கு இது முதல் முறையும் அல்ல. 2012-ல் கோர்செரா தொடங்கிய புதிதில் மெஷின் லேர்னிங் வகுப்பில் பெயர் கொடுத்து மூன்றாவது வாரமே காணாமல் போனவன். அதற்குப் பிறகு காசு கட்டிச் சேர்ந்து பாதியில் விட்டவை பதினொன்று. பெயர் கொடுத்த அன்று ராத்திரி பாதி படித்து முடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வருகிறதே, அதற்குத்தான் காசு கட்டினேன் போலிருக்கிறது.

இந்த முறை எம்.ஐ.டி. பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள். 1999-ல் வகுப்பறையில் பிடித்த படம். எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருவதாக 2001-ல் அறிவித்தது. இவையும் அப்படித்தான் வெளியே வந்தன. ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ், அவ்வளவுதான். மனிதர் அங்கேயே நின்று அப்போதுதான் கண்டுபிடிப்பது போல யோசிப்பார். 88 வயதில், 2023 மே மாதம், கடைசி வகுப்பை நடத்திவிட்டு ஓய்வு பெற்றார். முப்பதுக்கு மேற்பட்ட அந்த வகுப்புகளை இரண்டு மாதத்தில் ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாம் புரிந்தது. நல்ல சினிமா பார்த்த நிறைவு.

பிறகு பயிற்சிக் கணக்கைத் திறந்தேன். முதல் கணக்கிலேயே பேனா நகரவில்லை.

அவர் போட்டதைத்தான் நான் பார்த்திருந்தேன். நான் எதையும் போடவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று. அவர் கேள்வியைப் பலகையில் எழுதியதும் படத்தை நிறுத்திவிடுவேன். நானே போட்டு, அனேகமாகத் தப்பாகப் போட்டு, அதற்குப் பிறகுதான் ஓட விடுவது. காலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை. ஐம்பது நிமிட வகுப்பு ஒன்றுக்கு நாலைந்து நாள் ஆயிற்று. மொத்தம் பதினான்கு மாதம். இடையில் மகள் பிறந்ததால் இரண்டு மாதம் நோட்டைத் தொடவேயில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

லீஸ்ட் ஸ்கொயர்ஸ் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மூன்று புள்ளிகளை நானே எடுத்துக்கொண்டேன்: எக்ஸ் 0, 1, 2, ஒய் 1, 2, 2. ஒரே நேர்க்கோட்டில் மூன்றும் அடங்காது. இருப்பதில் நல்ல கோடு எது என்று கையால் போட்டேன். ஆறில் ஏழில் தொடங்கி அரை அரையாக ஏறும் கோடு வந்தது. கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள பிழைகள்: மைனஸ் ஆறில் ஒன்று, பிளஸ் மூன்றில் ஒன்று, மறுபடி மைனஸ் ஆறில் ஒன்று. கூட்டினால் பூஜ்யம். ஒவ்வொரு பிழையையும் அதன் எக்ஸால் பெருக்கிக் கூட்டினேன், அதுவும் பூஜ்யம். செங்குத்து என்று அவர் வாய் ஓயாமல் சொன்னது இதைத்தானா! பிழை இருக்கத்தான் செய்யும். அது எப்படிப்பட்ட பிழை என்பதுதான் விஷயம். பிழையே இல்லாத என் ஐந்தாம் படிக் கோட்டை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கணக்குக் கையில் வந்தபின் அதைப் புரோகிராமாக எழுத ஆசை. கெர்னிகன், ரிட்சி இருவரும் எழுதிய 'சி' புத்தகம், 1988-ல் வந்த இரண்டாம் பதிப்பு, கல்லூரியில் வாங்கி அட்டை மடங்காமல் வைத்திருந்தேன். ஒல்லிப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பயிற்சி. எலிமினேஷனை நானே எழுதினேன். இடது மேல் மூலையில் பூஜ்யம் உள்ள ஒரு கணக்கைக் கொடுத்ததும் விடைக்குப் பதில் 'என்-ஏ-என்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து வந்தது. 'இது எண்ணே அல்ல' என்று பொருள். சேர்த்து வாசித்தால் 'நான்'. தப்பு யார்மேல் என்று இயந்திரமே சொல்லிவிட்டது. வரிசைகளை இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லி பேராசிரியர் அன்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியது பத்து வருஷம் கழித்துக் காதில் விழுந்தது.

அதே ஆறு பம்புப் புள்ளிகளை அதில் கொடுத்தேன். 'ஃப்ளோட்' என்று எழுதியிருந்ததால் எண்ணில் ஏழு இலக்கம் போலத்தான் நிற்கும். 600-ன் நான்காம் அடுக்கே 12,960 கோடி. ஐந்தாம் படிக் கோட்டுக்கு அதையும் தாண்டிப் பத்தாம் அடுக்கு வரை வேண்டும். கோடு புள்ளிகளை விட்டு எங்கோ அலைந்தது. 'டபுள்' என்று மாற்றினேன், பதினைந்து இலக்கம், ஒழுங்காக வந்தது. பிறகு ஒவ்வோர் அளவிலிருந்தும் சராசரியைக் கழித்துவிட்டுப் போட்டால் பழைய ஃப்ளோட்டிலேயே ஏறக்குறைய சரியாக வந்தது. இதை எந்தப் பரீட்சையிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை.

இந்த இடத்தில் ராமானுஜனை இழுக்காவிட்டால் கணிதப் பேச்சு என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். கும்பகோணத்தில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் 'சினாப்சிஸ்' புத்தகத்தில் முடிவுகள் ஆயிரக்கணக்கில், விளக்கங்களோ மிகச் சுருக்கம். ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. அவர் தானாகவே படித்தார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினாரே, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவருக்கே தன் நோட்டைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு அந்த ஆள் சோதனை மேடைத் தம்பிதான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேண்டீனில் நோட்டு மாற்றிக்கொள்வோம். வேலையில் அவர் என்னை சார் என்பார். நோட்டில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. "சார், இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, விடையைப் பார்த்து எழுதியிருந்தேன். இப்போது அவர் ஓசூரில் இருக்கிறார். சனிக்கிழமை போன் வந்துவிடும்.

மாணவர்கள் சிலர் சிரிப்பது தெரிகிறது. கேட்டால் இரண்டு விநாடியில் புரோகிராம் எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் இவர் நோட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று. நானும் அவற்றைத் தினமும் உபயோகிக்கிறேன், ஒளிக்கவில்லை. போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அப்படி வாங்கிய புரோகிராம் ஒன்றைக் கொண்டு வந்தார். சுத்தமாக ஓடியது. ஏழு புள்ளிகளுக்கு ஆறாம் படிக் கோடு. "சார், ஆர் ஸ்கொயர் ஒன்னு!" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நோட்டு ஒன்று எடுத்து வரச் சொன்னேன்.

பேச்சைக் கேட்பதும் வீடியோ பார்ப்பது மாதிரிதான் என்பதால் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குக் கணிதத் துறை வகுப்பறையில் இருப்பேன். அந்த ஆறு பம்புப் புள்ளிகளையும் பலகையில் எழுதி வைக்கிறேன். நோட்டும் பென்சிலும் போதும், லேப்டாப் வேண்டாம். மூத்த நண்பர்களும் வரலாம். ரெகார்டு கொடுத்த நண்பர் அவசியம் வரவேண்டும்.