16 கே.பி.க்குள் ஒரு டைனோசர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)

"என்னப்பா, கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தியா பேசப்போறே?" என்று காலை டிபன் பந்தியில் ஒரு சீனியர் கேட்டார். ஆமாம் அண்ணா, அதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் வில் குரோதர் என்று ஒரு புரோகிராமர். குகைக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவர் பொழுதுபோக்கு. கென்டக்கியின் மாமத் குகையை மனதில் வைத்து, மகள்கள் விளையாடுவதற்காக 1976 வாக்கில் ஒரு விளையாட்டு எழுதினார். படமே கிடையாது, வெறும் எழுத்து. 1977-ல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். 1979-ல் டி.ஆர்.எஸ்.-80 என்ற வீட்டுக் கணினிக்கு மைக்ரோசாஃப்ட் அதை விற்றது.

அதில் ஓரிடத்தில் அறைகளெல்லாம் ஒரே மாதிரி. வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடம் வராது! கையிலுள்ள சாமானை அறைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, காகிதத்தில் படம் வரைந்தால்தான் தப்பிக்கலாம். இருட்டில் வயலுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். எல்லா வரப்பும் ஒண்ணுதான். மோட்டார் கொட்டகையோ ஒற்றைப் பனையோ கண்ணில் பட்டால்தான் ஊர் எந்தப் பக்கம் என்று தெரியும்.

இங்கிலாந்தில் 1981-ல் சின்க்ளேர் இசட்.எக்ஸ்.81 வந்தது. நினைவகம் 1 கே.பி., அதாவது 1024 பைட். 24 வரி, வரிக்கு 32 எழுத்து என்று திரையை நிரப்பினாலே 768 பைட் போச்சு. அப்புறம் புரோகிராமை எங்கே வைப்பது? அதனால் பின்னால் 16 கே.பி. பெட்டி ஒன்றைச் செருகுவார்கள். அது லேசாக ஆடினாலும் அடித்ததெல்லாம் காலி. அந்தப் பெட்டியை நம்பித்தான் மால்கம் எவன்ஸ் '3டி மான்ஸ்டர் மேஸ்' எழுதினார், 1982-ல் வெளிவந்தது. வண்ணமில்லை, சத்தமில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலேயே நடைவழி; அதில் ஒரு டைனோசர் நம்மைத் தேடி வரும். 16-க்கு 18 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலும் 288 பைட்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது வழி.

நானும் ஒரு வாரம் உட்கார்ந்து 1 கே.பி.க்குள் எழுதிப் பார்த்தேன். புதிர் வந்தது, அதில் நடக்க ஆளுக்கு இடமில்லை.

நம் நாட்டில் 1984-ல் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ வந்தது. பாடத்துக்காகத்தான் வந்தது. பிள்ளைகள் விளையாடாமலா இருந்திருப்பார்கள்?

அந்த சீனியர் கதைக்கு வருகிறேன். சொந்தக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் கணினியில், அவரும் ரூம்மேட்டும் கல்லணையில் தொடங்கி காவிரி, வெண்ணாறு என்று வழி பிரியும் புதிர் ஒன்றை எழுதிக் கேசட்டில் பதிந்தார்களாம். பிற்பாடு அதன்மேல் யாரோ கல்யாணப் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். எவன்ஸ் கதை எனக்குத் தெரியும். இவர் கதை இன்று காலைதான் தெரிந்தது.

அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் பரணில் அப்படிக் கேசட்டோ புரோகிராம் எழுதிய நோட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் காந்தப் பூச்சு வருஷம் ஏற ஏற உதிர்ந்துவிடும். உதிராமல் இருந்தால் அந்தச் சத்தத்தைக் கோப்பாக மாற்றி எமுலேட்டரில் மறுபடி ஓட்டலாம். டேப் ரிக்கார்டரும் லேப்டாப்பும் கொண்டுவந்திருக்கிறேன். சாயங்காலம் வரை நூலக வாசலில் இருப்பேன்.