குத்துமதிப்பும் குருட்டாம்போக்கும்

குற்றாலத்தில் சீசன் எப்போது என்று தென்காசியில் கேட்டால், "குத்துமதிப்பா இன்னும் நாலு நாள்ல தண்ணி விழுந்திரும்" என்பார்கள். இதைக் குருட்டாம்போக்கில் சொன்னதாக நினைப்பவர்கள் உண்டு. குத்துமதிப்பு என்ற சொல்லுக்கு அது அநியாயம். குத்து என்றால் கைப்பிடியளவு. ஒரு குத்துச் சோறு என்கிறோமே, அதுதான். படியும் தராசும் இல்லாதபோது கையே அளவாகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் குத்துவதுதான் குத்துமதிப்பு என்றும் வாதிடலாம். ஆனால் 'மதிப்பு' அதற்கு இடம் தரவில்லை. மதிப்பதற்கு ஓர் அளவு வேண்டும். பிடி என்பது ஓர் அளவு; குருட்டுக் குத்து அளவல்ல. கைப்பிடிப் பொருளே பொருத்தம் என்பது என் துணிபு. தென்காசிக்காரர் சொல்லிலும் அப்படி ஓர் அளவு இருக்கிறது: கேரளத்தில் பருவமழை பிடித்துவிட்டதா, ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் சாரல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் நாளைச் சொல்கிறார்.

இப்படி அடையாளம் பார்த்துச் சொல்வதை மணிமேகலையின் 27ஆம் காதை அனுமானம் என்று வகைப்படுத்துகிறது. கருமேகம் கண்டு மழை வரும் என்பது ஒருவகை. ஆற்று வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்பது இன்னொரு வகை. குற்றாலத்துக்கு இரண்டாவதுதான் உயிர். அடிவாரத்தில் வெயில் அடிக்கும். விழுகிற தண்ணீரோ மலையில் எப்போதோ பெய்த மழை. தெளிந்த நீர் செம்மண் நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியும் கலந்து விழுந்தால், மேலே காட்டாறு புரண்டுவிட்டது என்று பொருள். அப்படியானால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதே, அனுமானம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அனுமானத்துக்கு அடையாளம் வேண்டும். அடையாளம் கண்ணில் படுவதற்கும் வெள்ளம் வந்து சேர்வதற்கும் இடையே நேரமும் வேண்டும். அந்த நேரம் சில நொடிகளாகச் சுருங்கும்போது எந்தக் குத்துமதிப்பும் காப்பாற்றாது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை விதிப்பது இதனால்தான். எனவே நேயர்களே, சீசன் நாளைக் குத்துமதிப்பாகக் கணியுங்கள். தண்ணீர் கலங்கினாலோ காவலர் விசில் ஊதினாலோ யோசித்துக்கொண்டு நிற்காமல், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உடனே வெளியேறிவிடுங்கள்.