பெரட்டுக்கு முன் பத்து நிமிடம்

 

"அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று யாரேனும் நம்மிடம் சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஊர் உறங்கும் வேளையில் எழுந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு உணவு கட்டி, பெரட்டுக்கு விரைகின்றவர்கள் நாம். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற, இலைகளின் வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பால் ஓட்டமும் தளர்ந்துவிடும். ஆகவே வெயிலுக்கு முந்திக்கொள்வதே நம் தொழிலின் முறையாயிற்று. நிரை நிரையாக நடந்து, குனிந்து நிமிர்ந்து, வாளி சுமந்து உழைக்கும் நமக்கு வேறு பயிற்சியும் வேண்டுமா என்று கேட்பது நியாயமே.

அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைக்கும்போது நம் உடல் மரத்திற்கு ஏற்ப வளைகிறது. கீழ்ப்பட்டையை வெட்டும்போது இடுப்பு குனிகிறது. மேல்பட்டையை வெட்டும்போது கழுத்து அண்ணாந்து நிற்கிறது. ஒரே கை கத்தியை இழுக்கிறது. ஒரே தோள் சுமக்கிறது. ஒரு மரத்தருகே நிற்பதும் அடுத்த மரத்திற்கு நகர்வதுமாக வேலை நடப்பதால், நெஞ்சம் ஒரே சீராக விரைந்து துடிக்கும் நேரம் குறைவு. பயிற்சியின்போதோ உடலின் தேவைக்கு ஏற்ப நாம் அசைகிறோம். கடும் உழைப்பு, ஓய்வு நேரப் பயிற்சியைப் போல் இதயத்திற்குக் காப்பளிப்பதில்லை என்பதை ஆய்வாளர் பலர் கவனித்துக் கூறியுள்ளனர். வேலை முடிந்து களைத்துப் போகிறோம் என்பதனாலேயே உடல்நலம் வந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது.

இதில் நமக்குத் தனிக் கவலையும் உண்டு. 2019 ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்த மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் கணக்கிட்டபோது அது 31.4 விழுக்காடாக உயர்ந்து நின்றது. பத்துப் பேர் கூடிய இடத்தில் மூவர் என்பது இதன் பொருள். அந்த மூவருள் ஒருவர் நம் வீட்டுத் தாயாகவோ தந்தையாகவோ இருக்கக்கூடும். சிறுநீரகம் பழுதுற்று, காலில் புண் ஆறாது, வருமானம் நின்றுபோன குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் படுத்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பும் தடுமாறும். ஆகவே நம் உடலைப் பேணுவது தன்னலமன்று. அது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமை.

சரி, நேரம் எங்கே? இங்கே நம் தொழிலே நமக்கு ஆசானாக நிற்கிறது.

அமேசான் காடுகளில் முற்காலத்தில் சிறு கோடரியால் இரப்பர் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். மரம் புண்பட்டு நலிந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ரிட்லி, 1890 களில் வேறு வழி கண்டார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, மறுமுறை அதே கோட்டில் மீண்டும் சிறிது சீவும் முறை அது. கட்டையைத் தொடாமல் வெட்டினால் பட்டை மீண்டும் வளர்கிறது. மரமும் பல்லாண்டு பால் தருகிறது. ஆழ வெட்டி ஒரே நாளில் வாளியை நிரப்ப முனைபவர் நல்ல வெட்டுக்காரர் அல்லர் என்பதை நாம் அறிவோம்.

பழக்கமும் அப்படித்தான் அமைகிறது. முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் கால் வலியுடன் படுத்துவிடுவது ஆழ வெட்டு. நாள்தோறும் பத்து நிமிடம் என்பது மெல்லிய சீவல். முதல் வாரத்தில் ஐந்து நிமிடமானாலும் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தை ஏற்கெனவே நாம் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அடுப்பில் தேநீருக்கு நீர் வைத்ததும் தொடங்கலாம். அல்லது முகம் கழுவியதும் தொடங்கலாம். முதலில் தோள்களை முன்னும் பின்னும் சுழற்றுக. பின்னர்க் கைகளை இடுப்பில் ஊன்றி, முதுகை மெல்லப் பின்னோக்கி வளைத்து நிமிர்க. குனிந்தே பழகிய இடுப்புக்கு இது நல்ல மாற்று. சுவரைப் பற்றிக்கொண்டு பத்து முறை உட்கார்ந்து எழுக. எஞ்சிய நேரத்தில் வாசலிலேயே முழங்காலை உயர்த்தி, நின்ற இடத்தில் விரைந்து நடைபோடுக. பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான அளவு.

பெரியவர்களுக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. சிறு சிறு நேரமும் கணக்கில் சேரும். காலைப் பத்து நிமிடம் அதற்குத் தொடக்கம். மாலையிலும் ஓய்வு நாளிலும் பிள்ளைகளுடன் தோட்டச் சாலையில் விரைந்து நடந்தால் எஞ்சியதும் நிறைவேறும்.

ஒரு நாள் தவறினால் என்ன செய்வது? மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. அதற்காக நாம் கத்தியைத் தூக்கி எறிவதில்லை. மரம் காய்ந்ததும் மீண்டும் அதே கோட்டில் தொடங்குகிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக ஊன்ற, சராசரியாக 66 நாள் ஆகும் என்று கண்டனர். சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் வரையும் ஆகலாம் என்பது அவர்தம் கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரியவந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவுக்கு மறுநாள், அது நமக்கு மழை நாள். அடுத்த நாள் தொடர்வோம்.

இனி, ஆடவர்களுக்கு ஒரு சொல். பல வீடுகளில் தாய் நான்கு மணிக்கே எழுகிறார்; தந்தை ஐந்து மணிக்கு எழுந்து தேநீரைக் கையில் வாங்குகிறார். இருவரும் அதே தீம்பாருக்குத்தான் போகின்றனர். தாய்க்கு மட்டும் பத்து நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? தந்தை எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகைக்கு ஆயத்தம் செய்தால், அல்லது உணவுப் பெட்டியைக் கட்டினால், அந்தப் பத்து நிமிடம் பிறக்கும். உடற்பயிற்சி தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் நிலைப்பதன்று. வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதால் நிலைப்பது.

அந்த நேரத்தை உறக்கத்திலிருந்தும் திருடலாகாது. ஏழு மணி நேர உறக்கமாவது நமக்கு வேண்டும். நான்கு மணிக்கு எழுபவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதற்கு முன்னரே ஓயட்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். அவர்களும் இதய நோயுள்ளோரும் மருந்தகத்தில் கேட்டறிந்த பின்னரே தொடங்குக. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்துக.

பெருமக்களே! பிள்ளைகள் நம் அறிவுரையைவிட நம் செயலையே பார்த்து வளர்கின்றனர். விளக்கடியில் அம்மாவும் அப்பாவும் கைவீசி நடைபோடுவதைக் கண்ட பிள்ளை, சில நாளில் தானும் தூக்கக் கலக்கத்துடன் பக்கத்தில் வந்து நிற்கும். நாளை அப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலைக்குப் போகலாம். அப்போது அவனுக்கு இப்பழக்கம் நம்மைவிட அதிகமாகத் தேவைப்படும்.

நாளைக் காலை அடுப்பில் நீர் கொதிக்கும் நேரத்தில் தொடங்குவோம். மெல்லச் சீவுவோம், நாள்தோறும் சீவுவோம்.