மெய்ப்பையும் கைப்பையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

   

 இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழ்நாள் கழிக்கும் தமிழாசிரியர் ஒருவர் சட்டை தைத்தலையும் பை தைத்தலையும் பற்றிப் பேச முன்வந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பளித்திருக்கலாம். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். நம் சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் இரண்டு தையற்பொறிகள் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றை விற்று அப்பணத்தைக் கொண்டு நாற்காலிகள் வாங்கலாம் என்னும் யோசனை எழுந்துள்ளதாகக் கேள்வியுற்றோம். விற்பதற்கு முன்னர் அவற்றால் ஆகக்கூடிய பயன் இன்னதென்று ஆராய்தல் நலம் என்று எமக்குத் தோன்றிற்று. அது பற்றியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

தையற்றொழில் நமக்குப் புதியதன்று. தைத்தலைத் துன்னம் என்றனர் முன்னோர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலே, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர் நிரலில் துன்னகாரர் இடம்பெற்றுள்ளனர். துணி தைப்பாரும் தோல் தைப்பாரும் ஆங்கு வேறுவேறாகவே கூறப்படுகின்றனர். முல்லைப்பாட்டிலே பாசறை காக்கும் யவனர் அணிந்திருந்த சட்டைக்கு மெய்ப்பை என்று பெயர். மெய்யை இட்டுவைக்கும் பை என்பது அதன் பொருள். இச்சொல்லை ஆக்கியவர் தையலின் உண்மையை அறிந்தவராதல் வேண்டும். பையாவது துணியை மடித்து ஓரங்களை மூட்டி வாயைத் திறந்து விடுவது; சட்டையாவது கழுத்துக்கும் கைகளுக்கும் இடுப்புக்கும் வாய் விட்ட பெரியதொரு பை. ஆகலின், பை தைக்கக் கற்றவர் சட்டை தைத்தலிற் பாதியைக் கற்றவராவர்.

இனித் தையற்பொறியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். பிரான்சு தேசத்தவராகிய பார்த்தலமி திமோனியே என்பார் 1830ஆம் ஆண்டில் ஒரு தையற்பொறிக்கு உரிமம் பெற்றார். பாரிசு நகரத்தில் படைவீரர்க்குச் சீருடை தைப்பதற்கு அப்பொறிகள் அமைக்கப்பட்டன. தம் பிழைப்புக் கெடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு சென்று அவற்றை உடைத்தெறிந்தனர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் உரிமம் பெற்றனர். சிங்கர் கம்பெனியார் 1856 முதல் தவணை முறையில் பொறிகளை விற்றமையால் எளியோர் வீட்டிலும் அது புகுந்தது. பட்டறையிலே பகையாகக் கருதப்பட்ட பொறி வீட்டிலே துணையாயிற்று. பெரும் பொறிகளை ஐயுற்று நோக்கிய காந்தியடிகளும் 1924இல் சிங்கர் பொறியை மட்டும் விலக்காக எடுத்துக்காட்டி, பயனுள்ள கண்டுபிடிப்புகளுள் ஒன்றெனப் பாராட்டினார். மனிதன் பொறிக்கு அடிமையாகாது, பொறி மனிதனுக்கு உதவுவதே அவர் கருத்துக்கு இசைந்தது.

கடையில் ஆயத்த ஆடைகள் மலிந்து கிடக்கும் இக்காலத்தில் வீட்டில் தைத்தல் வேண்டுமோ எனின், கூறுதும். துணி விலையையும் உழைப்பையும் கணக்கிட்டால் வீட்டில் தைத்த சட்டை கடைச் சட்டையினும் மலிவாக முடியும் என்று யாம் உறுதி சொல்லமாட்டோம். பயன் வேறிடத்தில் உள்ளது. கடைச் சட்டை யாரோ ஒருவர் வகுத்த அளவுக்குத் தைக்கப்பட்டது; அதில் நம் உடம்பு சென்று அடங்கவேண்டும். வீட்டுச் சட்டை நம் உடம்பின் அளவுக்குத் தைக்கப்படுவது. ஓரத்தில் கூடுதல் துணி விட்டுத் தைத்தால் உடல் பெருத்த காலத்துப் பிரித்து விடலாம். வளரும் பிள்ளைக்கு மறு ஆண்டும் உதவும். தைக்கத் தெரிந்தவர்க்குக் கிழிந்த ஆடை குப்பையன்று. ஆதலால் வாங்குவது குறையும், வாங்கியது நீடிக்கும்.

முதலிற் பையைத் தைத்துப் பழகுமாறு இளைஞர்க்குக் கூறுகின்றோம். 2019ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாட்டரசினர் விலக்கியுள்ளனர். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கத்தையும் தொடங்கினர். மஞ்சட் பை கொண்டுவருவாரைப் பட்டிக்காட்டார் என்று நகரத்தார் எள்ளிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ அதனையே கையில் எடுக்குமாறு அரசு வேண்டுகின்றது. எள்ளப்பட்ட பொருளே ஏற்றம் பெறுதல் உலகியற்கை.

ஒரு மீட்டர் நீளமும் 36 அங்குல அகலமும் உள்ள கெட்டித் துணி ஒன்று போதும். அதில் 37 அங்குல நீளம், 19 அங்குல அகலமாக ஒரு துண்டு வெட்டுக. அதனை நீளவாட்டில் இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைக்க. பின்னர், அடிமூலை ஒவ்வொன்றையும் முக்கோணமாக வரும்படி விரித்து, குறுக்களவு 4 அங்குலம் உள்ள இடத்தில் நேர்க்கோடாகத் தைக்க. இதனாற் பைக்கு 4 அங்குல அடிப்பரப்பு உண்டாகும். வாயில் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தபின் 14 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள பை அமையும். எஞ்சிய துணியில் 4 அங்குல அகலமான இரண்டு நீண்ட பட்டிகளை வெட்டி, நான்காக மடித்துத் தைத்தால் கைப்பிடி. மேலும் 9 அங்குல அகலத் துணி மிஞ்சும். அஃது உட்பைக்கு ஆகும். கைப்பிடி பையோடு சேரும் இடத்திலேதான் பாரம் முழுதும் தங்குகின்றது. ஆகலின், அவ்விடத்திற் சதுரமாகத் தைத்து, அதனுள் மூலைக்கு மூலை குறுக்காகவும் தைத்தல் வேண்டும். இது செய்யாத பை முதற் சந்தையிலேயே அறும்.

இனி மெய்ப்பைக்கு வருவோம். நமக்கு மிகவும் பிடித்த மேற்சட்டை ஒன்று உண்டு, அது நைந்துவிட்டது, அவ்வாறே மற்றொன்று வேண்டும் எனின், அதனைப் பிரிக்கவேண்டுவதில்லை. மேசைமேல் தடித்த துணியை விரித்து, அதன்மேற் பழைய செய்தித்தாளைப் பரப்புக. சட்டையைத் தாளின்மேல் சுருக்கமின்றிப் படியவைத்து, மூட்டுத் தையல் செல்லும் வழியே குண்டூசியாற் குத்திக்கொண்டே செல்க. எடுத்தபின் புள்ளிகளை இணைத்தால் அவ்வுறுப்பின் வடிவம் தாளில் தோன்றும். முதுகு, முன்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று ஒவ்வோருறுப்பையும் தனித்தனியே இவ்வாறு எடுத்தல் வேண்டும். முதுகினைப் பாதி மட்டும் எடுத்துத் தாளை மடித்து வெட்டினால் இருபுறமும் ஒத்திருக்கும். பின்னர்த் தையலுக்கு அரை அங்குலமும், கீழ் மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் சுற்றிலும் கூட்டுக.

இதிற் கவனிக்கத்தக்கன நான்கு. முதலாவது, ஒன்றோடொன்று மூட்டவேண்டிய ஓரங்கள் நீளத்தில் ஒத்துள்ளனவா என்று நாடாவால் அளத்தல். கையின் மேல்வளைவு மட்டும் கைக்குழியினும் சிறிது மிகுந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடும்படி துணியை இடுதல். கோணலாக வெட்டிய சட்டை துவைத்தபின் முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது, பருத்தித் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்துலர்த்துதல். இன்றேற் சுருங்கியபின் வருந்த நேரும். நான்காவது, மூலச் சட்டை பனியன் துணிபோல் இழுபடுவதாயின், அதன் அளவைக் கொண்டு இழுபடாத நெசவுத் துணியில் தைத்தலாகாது. கை உள்ளே நுழையாது. நல்ல துணியில் வைப்பதன்முன் மலிவான கோராத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்தல் அறிவுடைமை.

பிறர் வகுத்த வடிவத்தைப் பார்த்துத் தைத்தல் களவாகாதோ என்று வினவுவார் உளர். நல்ல வினாவே. நூல் என்னும் சொல் நம் மொழியில் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாக வழங்குகின்றது. நன்னூலார் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை அதனை நூற்பாளாகவும் உருவகித்தனர். அவரே நூலினை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக வகுத்தனர். முன்னோர் நூலோடு ஒத்துச் சென்று, வேண்டிய வேறுபாடும் உடையதாய் வருவது வழிநூல். அதனை எவரும் களவென்றிலர். விரும்பிய சட்டையைப் பார்த்து நம் அளவுக்கேற்பச் சுருக்கியும், பையின் இடத்தை மாற்றியும், வேறு துணியில் தைத்தும் அணிவது வழிநூல் போன்றது. வெண்பாவின் யாப்பு யாவர்க்கும் பொது. பாடும் சொல் அவரவர்க்கே உரியது.

சட்டமும் பெரும்பாலும் இதற்கு இசைந்தே நிற்கின்றது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவுபெற்ற வடிவத்துக்கு முதலிற் பத்தாண்டும், வேண்டின் மேலும் ஐந்தாண்டும் காப்பு உண்டு. அக்காலத்துள் அதனைப் பிறர் விற்பனையின்பொருட்டுப் பின்பற்றுதலையே அச்சட்டம் தடுக்கின்றது. தமக்கென்று ஒன்று தைத்து அணிவதற்கும், நூறு தைத்து விற்பதற்கும் வேறுபாடு மிக உண்டு. பிற கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் நம் பையிற் பதித்து விற்றலோ ஐயத்துக்கு இடமின்றிக் குற்றமே.

சட்டத்தின்மேல் நாணம் என்பதொன்றும் உண்டு. நீலகிரித் தோடர் குலப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியிற் செந்நூலும் கருநூலும் கொண்டு, இழைகளை எண்ணி எண்ணிப் பூவேலை செய்வர். அவ்வேலைக்கு 2013இற் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அழகில் ஈடுபட்டு நம் பையில் ஒரு கோடு தைத்துக்கொள்ளலாம். அதனைத் தோடர் வேலை என்று சொல்லி விற்றல் அப்பெண்களின் உணவைப் பறித்தலாகும். விருப்பமுள்ளவர் அவர்தம் கைவேலையையே விலைகொடுத்து வாங்குதல் முறை.

இறுதியாக, நம்மிடையே வழங்கும் ஒரு தடையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாது விடின் இதுவரை சொல்லியதனாற் பயனில்லை. தையல் நம் மரபினர்க்குரிய தொழிலன்று. ஆண்பிள்ளைக்குத் தக்கதுமன்று என்று நம் பெரியோருட் பலர் எண்ணுகின்றனர். எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், புத்தகப் பை கிழிந்தபோது, வீட்டிலிருந்த பவானி ஜமக்காளத்தின் கிழிந்த துண்டினால் தானே ஒரு பை தைத்துக்கொண்டு வந்தான். தந்தையார் அதனைக் கண்டு வெகுண்டு, “இதற்கோ உன்னைப் படிக்க வைத்தேன்?” என்று கடிந்தனராம். பின்பு எம்மைக் காணவந்தபோது, “ஐயா, நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்,” என்றார். யாம் அப்பையை அவர் கையிற் கொடுத்து, அதிற் கணக்குப் பிசகாமல் அமைந்துள்ள மூலைகளைக் காட்டினோம். அவர் ஒன்றும் மறுமொழி கூறிற்றிலர். சில திங்கள் சென்றபின், தம் கடைப்பையின் வார் அறுந்தபோது அதனை மகனிடம் பேசாது நீட்டினார் என்று அம்மாணவன் சொல்லக் கேட்டோம். அவர் மனம் முற்றும் மாறிற்றென்று யாம் கூறோம். கை நீண்டது, அதுவே போதும்.

அன்பர்களே! ஒரு தொழில் ஒரு பிறப்பினர்க்கே உரியதென்பதும், மற்றொரு பிறப்பினர்க்கு இழிவென்பதும் நம் சங்கம் இந்நாளிற் போற்றத்தக்க கொள்கைகளல்ல. நாம் அணியும் ஆடையை எவரோ ஒருவர் குனிந்திருந்து தைத்தார். அதனை அணிந்து பெருமிதம் கொள்வோம், தைத்த கையைத் தாழ்வென்போம் என்றால் அப்பெருமிதம் பொருளற்றது. தைத்துப் பார்த்தவனே தையற்காரர் கேட்கும் கூலி நேர்மையானதென்று அறிவான். பேரம் பேசக் கூசுவான்.

ஆகவே சில வேண்டுகோள்களைச் செயற்குழுவின்முன் வைக்கின்றோம். அவ்விரண்டு பொறிகளையும் விற்காது எண்ணெயிட்டுச் செப்பனிடுக. வாரத்தில் இரண்டு மாலை அவ்வறையைத் திறந்து, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி யாவரும் பயில விடுக. அண்டைத் தெருவார் எவர் வரினும் குலம் கேளாது இடம் தருக. கற்பிக்க வரும் தையற்காரர்க்கு உரிய ஊதியம் கொடுக்க. அரசினர் நடத்தும் தையற் றொழில்நுட்பத் தேர்வுக்கும், தொழிற்பயிற்சி நிலையத்துத் தையற் பயிற்சிக்கும் செல்லும் பிள்ளைகளைக் கல்லூரி மாணவரோடு ஒப்பக் கருதி உதவித்தொகை அளிக்க.

நாற்காலிகள் இல்லாவிடிற் பாயில் அமர்ந்து பேசலாம். கற்க வந்த பிள்ளை வெறும் அறையைக் கண்டு திரும்பலாகாது.