கூரையும் அரசாங்கமும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இதனிலும் கடினமான ஒரு பொருளை அவர் எனக்குத் தந்திருக்க முடியாது. ஏனெனில், கிரானிலே வீட்டுத் திட்டத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாதவர் எவருமே இல்லை. வீடு கிடைத்தவருக்கு ஓர் அபிப்பிராயம். கிடைக்காதவருக்கு இரண்டு அபிப்பிராயங்கள்!

பெரியோர்கள் சொல்வது இது: "எங்கள் காலத்தில் நாங்களே மண் குழைத்தோம், நாங்களே வரிச்சுக் கட்டினோம், நாங்களே கிடுகு வேய்ந்தோம். எந்தக் கந்தோர் வாசலிலும் போய் நின்றதில்லை. அரசாங்கம் வீடு கொடுக்கத் தொடங்கியதும் சனங்கள் கையை நீட்டப் பழகிவிட்டார்கள்." என் வயதினர் சொல்வது வேறு: "உப்புக்கும் வரி, தீப்பெட்டிக்கும் வரி. கட்டிய வரிக்கு அரசாங்கம் வீடு தரட்டும். அது அதன் கடன்." இவ்விரு கட்சியாருக்கும் நடுவே நின்று பேசுவது அடியேனுக்கு இன்று வாய்த்த வேலை.

பெரியோர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்தக் காலத்து வீட்டின் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். களிமண் குளத்தடியில் கிடந்தது. கம்பும் தடியும் காட்டில் இருந்தன. கிடுகு சொந்த வளவுத் தென்னையில் இருந்தது. அயலவர் நாலுபேர் கைகொடுத்தால் வீடு எழும்பிவிடும். ஆகவே அன்றைய வீட்டுக்கு வேண்டியது உழைப்பு, காசு அன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களையும் கொண்டுபோயிற்று. மண்வீடுகள் எப்படிக் கரைந்தன என்பதை அந்த இரவைக் கண்டவர்கள் இச்சபையிலே இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னர் கல்வீடே வீடு என்றாயிற்று. களிமண்ணுக்கு யாரும் காசு கேட்டதில்லை; சீமெந்துக்கோ காசில்லாமல் கதையில்லை. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் கடனில்லாமல் கல்வீடு கட்டுவது நடவாத காரியம். போதாததற்கு யுத்தமும் வந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் குடும்பிமலைப் பக்கத்திலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பிச் சென்றபோது பலருக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அவர்கள் சோம்பேறித்தனத்தினால் வீட்டை இழந்தவர்களா? ஆதலால், கை நீட்டுகிறார்கள் என்று அவர்களைப் பழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி, "அரசின் கடன்" என்று முழங்கும் என் நண்பர்களிடம் வருகிறேன். சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையிலே, பிரசைகள் எல்லாருக்கும் போதிய உணவு, உடை, வீட்டு வசதி ஆகியவற்றோடு கூடிய வாழ்க்கைத் தரம் கிடைக்கச் செய்வது அரசின் குறிக்கோள்களுள் ஒன்று என எழுதப்பட்டுள்ளது. இதைப் படித்து மகிழ்ந்தவர் இரண்டு உறுப்புரை தள்ளி 29ஐயும் படிக்க வேண்டும். மேற்கூறிய குறிக்கோள்கள் எவருக்கும் சட்டப்படியான உரிமையைத் தருவனவல்ல, எந்த நீதிமன்றத்திலும் அவற்றைக் கேட்டு வழக்காட முடியாது என்று அது கதவைச் சாத்திவிடுகிறது. வீடு நமக்குக் குறிக்கோளாக உண்டு, உரிமையாக இல்லை. இந்த இடைவெளியிலேதான் சிபாரிசுக் கடிதங்களும் தேர்தற்கால வாக்குறுதிகளும் குடியிருக்கின்றன.

வீட்டைப் பற்றித் தீர்மானிப்பது யார் என்பது மற்றொரு கேள்வி. 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சமஷ்டிப் பேச்சாகவும் மொழிப் பேச்சாகவும் மட்டுமே நாம் நினைவு கூருகிறோம். பிராந்திய சபைகளுக்குக் கொடுப்பதாக அதில் ஒப்புக்கொள்ளப்பட்ட விடயங்களின் பட்டியலில் விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி ஆகியவற்றோடு வீடமைப்பும் சமூக சேவையும் இருந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரலிலே ஒப்பந்தம் கிழிந்தது, சபைகள் பிறக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாண வீடமைப்பை மாகாண சபைக்குக் கொடுத்தது. ஆனால் தேசிய வீடமைப்பு நிதியத்தின் கீழ் வருவன நீங்கலாக என்று ஒரு வாலையும் சேர்த்துக் கொடுத்தது. நிதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரமும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமும் 2017 செப்ரெம்பரிலே முடிந்துவிட்டது.

இதனாற் கொழும்பு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டுத் தேசிய வீடமைப்புச் சட்டம் முதல் எத்தனையோ முயற்சிகள் உண்டு. அவற்றுள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது பிரேமதாசா அவர்கள் வீடமைப்பு அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த காலத்து அனுபவம். 1978இல் ஓர் இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. அரசாங்கமே கட்டிக் கொடுத்த வீடுகளுக்குச் செலவு தாங்க முடியாமற் போயிற்று. ஆகவே 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது முறையை மாற்றினார்கள். கட்டுவது குடும்பம், சிறு கடன் கொடுப்பதும் ஆலோசனை சொல்வதும் அரசாங்கம். கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்குக் கிடைத்த கடனின் உச்ச அளவு 7,500 ரூபா. அற்பத் தொகை என்று சிரிக்க வேண்டாம். வீட்டைக் கட்டத் தெரிந்தவன் வீட்டில் வாழப் போகிறவனே என்ற உண்மையை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதுதான் அதிலே பெரிது. உலகம் அதைக் கவனித்தது; இலங்கையின் பிரேரணைப்படி ஐக்கிய நாடுகள் சபை 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான ஆண்டாகக் கொண்டாடியது. கடனைத் திருப்பிக் கட்டுவதில் மக்கள் பின்னின்றார்கள் என்பது அத்திட்டத்தின் பலவீனம். வடக்கு கிழக்கில் யுத்தம் மூண்ட ஆண்டுகளும் அவையே. எனவே அதன் நற்பயன் முழுமையாக இப்பக்கம் வந்து சேரவில்லை என்பது நமது துரதிர்ஷ்டம்.

மிசன் பாடசாலையில் நான் படித்தபோது, மணலின்மேல் வீடு கட்டிய மதியீனனின் கதையைச் சொல்லித் தந்தார்கள். அக்கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் கடற்கரை மணலின்மேலேதான் குடியிருந்தார்கள். வேறெங்கே போய்க் கட்டுவது? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பின்னர் அரசாங்கமும் ஏறக்குறைய அதே கதையைச் சொல்லிற்று. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். ஒரே கடல், ஒரே அலை. கிழக்கு மீனவனுக்கு மட்டும் தூரம் இரட்டிப்பு! பிறகு அதைத் தளர்த்தினார்கள். எல்லைக்கு வெளியே முற்றாக வீடிழந்தோருக்கு 250,000 ரூபா தவணை தவணையாகக் கொடுத்து அவர்களையே கட்டச் செய்தார்கள். எல்லைக்கு உட்பட்டோருக்குத் தொண்டு நிறுவனங்கள் வேறிடத்திற் கட்டிக் கொடுத்தன. தாமே கட்டிய வீடுகளில் சனங்கள் குடிபுகுந்தார்கள். கட்டிக் கொடுத்த வீடுகளிற் சில, கடலுக்கும் தொழிலுக்கும் தொலைவாகி, பூட்டியே கிடந்தன.

இந்திய அரசாங்கம் 2010இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்திலும் வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளை உரியவர்களே கட்டினார்கள். வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என வேலை ஏற ஏற, பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வந்தது. இடையிலே கைமாறவில்லை. குறை இல்லாமலில்லை. தொகை போதாமல் தோட்டை அடகு வைத்தவர்கள் உண்டு. பெரிய குசினி வேண்டுமென்று அளவை மீறிக் கட்டிக் கடனாளியானவர்களும் உண்டு. என்றாலும் ஊர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் கல் அரிந்தவர்களுக்கும் வேலை கிடைத்தது.

இந்த அனுபவமெல்லாம் கண்முன்னே இருக்க, 2015இன் பின் வந்த யோசனை என்ன தெரியுமா? வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள்! வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடனோடு கொண்டுவந்து பொருத்தித் தருமாம். ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. சூரிய மின்சாரமும் தளபாடமும் அதிலே சேர்த்தி என்றார்கள். இந்தியத் திட்டத்தின் தொகையோடு ஒப்பிட்டால், விலைவாசி ஏறியதைக் கழித்தாலும், ஒரு வீட்டுக் காசிலே இரண்டு கல்வீடு கட்டியிருக்கலாம். பங்குனி சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் இருந்து பார்த்தவனுக்கு இரும்புச் சுவரின் குணத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? விறகடுப்பு எரியும் குசினிக்கு அந்த வரைபடத்திலே இடமில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலறிஞர்களும் தமிழ்ப் பிரதிநிதிகளும் கணக்கோடு எதிர்த்தார்கள். திட்டம் முன்மொழிந்தபடி நிறைவேறவில்லை. என் மனத்தில் நிற்பது என்னவென்றால், அத்தனை வீடுகளுக்குத் திட்டம் வரைந்தவர்கள், அடுப்பு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று ஒரு தாயிடமாவது கேட்டிருந்தால் போதும் என்பதே.

தாய் என்றதும் இன்னொன்று. "வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது பழமொழி. மற்றைய ஊர்களில் அவை இரண்டு சங்கடங்கள். மட்டக்களப்பிலோ இரண்டும் ஒன்றே. மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்கிறோம். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருகிறார். தாயும் தகப்பனும் வளவின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்குகிறார்கள். வீடு பெண்ணின் சொத்து என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நமது வழக்கம். அரசாங்கத்தின் படிவமோ "குடும்பத் தலைவர்" என்று கேட்கிறது. எழுதுகிறவரும் கேள்வியில்லாமல் கணவன் பெயரை எழுதுகிறார். ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையோரத்தில், மனைவியின் சீதன வீடு அழிந்துபோக, அதற்கீடான வீடு கணவன் பெயரில் வந்த சங்கதிகள் உண்டு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பேர்மிற் காணிக்குப் பின்னுரித்தாளி குறிக்கப்படாவிட்டால், பெண் மக்களுக்கு முன்னே ஆண் மக்களே வரிசையில் நின்றார்கள். 2022இல்தான் அந்தப் பேதம் நீக்கப்பட்டது. கணவன் நல்லவனாக இருக்கும் வரைக்கும் பத்திரத்தில் யார் பெயர் என்பது பெரிதாகத் தோன்றாது. அவன் விட்டுப்போன அன்றோ, குடிக்காக வீட்டை ஈடு வைத்த அன்றோதான் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அது விளங்குகிறது. இதிலே பெரியோர்களை நான் வேண்டுவது, வழக்கத்தை மேடையிற் புகழ்வதோடு நின்றுவிடாமல், படிவம் நிரப்பும் மேசையிலும் அதை ஞாபகப்படுத்துங்கள்.

பணக்கார நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ண வேண்டாம். அமெரிக்கச் சமஷ்டி அரசாங்கம் 1937இலும் 1949இலும் வீடமைப்புச் சட்டங்கள் இயற்றிற்று. சென்ற் லூயிஸ் நகரிலே 1950களின் நடுப்பகுதியில் பதினொரு மாடிக் கட்டடங்கள் முப்பத்துமூன்றை ஏழைகளுக்காக எழுப்பினார்கள். கட்டுவதற்கு வாஷிங்டன் பணம் கொடுத்தது. பராமரிப்பை ஏழைகளின் வாடகையிலே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டது. தொழில்கள் நகரை விட்டுப் போயின, வாடகை குறைந்தது, மின்தூக்கியும் குழாயும் பழுதாகின. 1972 முதல் அரசாங்கமே அவற்றை வெடி வைத்துத் தகர்த்தது. சிங்கப்பூரோ 1960இல் வீடமைப்புச் சபையை அமைத்து, சில ஆண்டுகளில் குடியிருப்போரையே சொந்தக்காரராக்கும் வழியைக் கண்டு, பராமரிப்பையும் கைவிடாமல் நடத்தி, தன் மக்களிற் பெரும்பான்மையோருக்கு வீடு கொடுத்துவிட்டது. இரண்டும் அரசாங்கம் கட்டியவைதான்.

நமது பிரதேசத்துக்குத் திரும்புவோம். 2015க்கும் 2019க்கும் இடையில் தொடங்கிய மாதிரிக் கிராம வீடுகள் பல, ஆட்சி மாறியதும் அடுத்த தவணைப் பணம் வராமல் நின்றுபோயின. கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகு நெருக்கடி வந்தது. 2021இல் ஏறக்குறைய 1,000 ரூபாவாக இருந்த சீமெந்துப் பை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. அன்று நின்ற சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சிலவற்றிலே ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டியது என்னவென்று என்னைக் கேட்டால், புது மந்திரி வந்தவுடன் புதுப் பெயரில் புதுத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டுவதை விட, பழைய அமைச்சர் விட்டுப்போன சுவருக்குக் கூரை போடுவதுதான். காணிக்குப் பத்திரம், தவணைக்குத் தவறாத பணம், போய்வரப் பாதை. இவற்றை அரசாங்கம் தரட்டும்; கல்லை நாம் அடுக்கிக்கொள்வோம்.

மன்றத்துக்கு ஒரு வேலை சொல்லி அமர்கிறேன். கோறளைப்பற்று தெற்கில் கூரையில்லாமல் நிற்கும் வீடுகள் எத்தனை என்ற கணக்கை நாமே எடுப்போம். உறுப்பினர் இருவர் இருவராகக் கிராமம் கிராமமாகப் போகலாம். ஒரு கொப்பி போதும்: எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எத்தனை தவணை கிடைத்தது, வேலை எதுவரை வந்தது, பத்திரத்தில் யார் பெயர். கணக்கை எழுதி முடித்து, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கி வைப்போம். புலிபாய்ந்தகல் பக்கத்துக் கிராமங்களை முதலில் முடிக்க வேண்டும். மாரி தொடங்கி வீதியில் வெள்ளம் ஏறிவிட்டால், தோணி பிடித்துத்தான் போக வேண்டியிருக்கும்.