வலைப்பின்னலில் ஒரு சொல்லைத் தேடி
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கவிதை பாடும் அவையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். உயர்கல்வியிலும் ஆய்விலும் வலைப்பின்னல் என்பது தலைப்பு. முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தால், அதுவும் சொல்லைத் தேடும் வேலைதான். சொல்லைத் தேடுவோர்தாமே இங்கே கூடியிருக்கிறீர்கள்!

இணையம் பிறந்ததே ஒரு பாதிச் சொல்லோடுதான். 1969 அக்டோபர் 29 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கணிப்பொறியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனக் கணிப்பொறிக்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து எழுத்து. இரண்டு எழுத்துச் சென்றதும் மறுமுனைப் பொறி நின்றுவிட்டது. முழுச் சொல் போய்ச் சேர இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று.

நம் நாட்டில் 1986இல் தொடங்கிய 'எர்நெட்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும் இணைக்க முனைந்தது. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15இல். அறிவியலார்க்கு அது முன்பே வாய்த்தது; அதன் பயனையும் அவர்களே முதலில் துய்த்தனர். 1991இல் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலாளர் லாஸ் அலமாஸில் ஓர் ஆய்வுரைக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இன்று 'ஆர்க்கைவ்' எனப்படுவது அதுவே. அதற்குமுன், அச்சேறாத கட்டுரையின் படிகள் பெரிய நிறுவனங்களுக்கே அஞ்சலில் முதலில் போகும். எளிய கல்லூரியிலிருப்பவர் இதழ் அச்சாகி வரும்வரை காத்திருப்பார். களஞ்சியம் வந்தபின் இருவரும் ஒரே நாளில் படிக்கலாயினர்.

தமிழ் ஆய்வாளர்க்கு அத்தகைய வாயில் திறந்தது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தால். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்களும் ஊதியம் கருதாமல் நூல்களைத் தட்டெழுதி ஏற்றினர். நூலகமே இல்லாத சிற்றூர் மாணவனுக்கும் சங்க நூல் கைக்கெட்டியது. இதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன், அக இலக்கியத்தில் 'அலர்' பற்றி ஆய்வு செய்த மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். அலர் வரும் இடங்களையெல்லாம் ஒரே மாலையில் எண்ணிவிட்டதாகச் சொன்னார். ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அந்த எண்ணிக்கையின்மேல் நின்றன. ஒப்படைக்க மூன்று மாதமே இருந்தது. என் இளமையில் அதே சொல்லுக்கு ஐந்து மாதம் சீட்டெழுதியவன் நான். அந்தச் சீட்டுக்கட்டை எடுத்துவந்து ஒப்பிட்டேன். இயந்திரத்தின் கணக்கு மிகவும் குறைந்திருந்தது.

காரணம் என்ன? பொறி தேடுவது சொல்லை அன்று, எழுத்து வரிசையை. ஊர் என்பதோடு அலர் சேர்ந்தால் 'ஊரலர்' ஆகும். அகரம் ரகரமெய்யின்மேல் ஏறி மறைந்துவிடும். அகரத்தில் தொடங்கும் வரிசையைத் தேடும் பொறிக்கு அங்கே அலரே இல்லை! சரி, இறுதி இரண்டெழுத்தை மட்டும் தேடலாமே என்றார் மாணவி. தேடினோம். மலர், புலர், சிலர், பலர் என்று ஓர் ஊரே திரண்டு வந்து நின்றது. அம்பல், கௌவை என்று வேறு பெயரில் வருவதையோ, அலர் என்பது பூத்தலையும் குறிக்கும் என்பதையோ பொறி எப்படி அறியும்? புணர்ச்சி இலக்கணத்தைத் தேர்வுக்குரிய பாடமாகவே கருதியிருந்த அம்மாணவி, மூலத்தைச் சொல் பிரித்து அமைக்க அமர்ந்தார். ஒப்படைக்கும் நாள் ஓராண்டு தள்ளிப்போயிற்று. உதவித்தொகையும் இடையில் நின்றது. இரண்டு இயல்களையும் அவர் புதிதாகவே எழுதினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சொல் பிரித்த மூலத்தில் மறுபடி தேடியபோது, என் சீட்டுகளில் விடுபட்டிருந்த நான்கு இடங்களைப் பொறி காட்டிற்று. அவற்றுள் ஒன்று நான் வகுப்பில் பலமுறை நடத்திய பாட்டு!

தேடுவதற்கு முதலில் எழுத்து எழுத்தாக இருக்கவேண்டுமே. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றும், தமிழக அரசு அதை ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் நாம் தட்டெழுதிவைத்தவை என்னவாயின? என் கட்டுரைத் தொகுதி ஒன்றை அண்மையில் திறந்தேன். திரை முழுதும் கொம்பும் கோடுமாகப் பிறமொழிக் குறிகள். எழுத்துரு விற்ற நிறுவனம் இன்று இல்லை. மாற்றித் தரும் மென்பொருளைத் தேடிப் பிடித்து, பிழை திருத்தி முடிக்க ஆறு வாரம் ஆயிற்று.

நம் கவிஞர்கள் பலரிடம் அக்காலத்து நெகிழ்வட்டுகள் இருப்பதை அறிவேன். அவற்றைப் படிக்கும் கருவி ஒன்று இப்போது என் வீட்டில் இருக்கிறது. எந்த எழுத்துருவில் தட்டெழுதினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து, வட்டோடு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்துருவின் பெயர் நினைவில்லையென்றால், அதில் அச்சிட்ட பழைய பக்கம் ஒன்று போதும்.